"சின்ன செட் ஒண்ணு இருக்கா மொதலாளி?" - மலையக வர்த்தகர்கள் அலட்சியம் செய்யக் கூடாத ஒரு கேள்வி

சம்பள நாளையடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஹட்டன் நகரில் கால் வைக்க இடமிருக்காது. டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போகும். புடவைக் கடை, பலசரக்குக் கடை, மருந்துக் கடை என்று சுற்றி முடித்த பிறகு, கையில் மிஞ்சியதை எண்ணிப் பார்த்துக் கொண்டு சிலர் தொலைபேசிக் கடைப் படியேறுவார்கள். தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் காட்சி இதுதான். இந்நகரங்களில் தொலைபேசி, உதிரிப்பாகம், ரீலோட் வியாபாரத்தில் நமது சகோதரர்கள் பலர் ஈடுபட்டிருப்பதை வாசகர்கள் அறிவார்கள்.

கடைக்கு வரும் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கும் செட்டுகளைப் பார்ப்பார். ஒன்றைக் கையில் எடுத்து விரல்களை மடக்கிப் பிடித்துப் பார்ப்பார். பிடி அடங்காது. திருப்பி வைத்துவிட்டு, "இதவிட சின்னதா, ஆனா வட்ஸ்அப் எல்லாம் ஒழுங்கா வேலை செய்யிற மாதிரி ஒண்ணு இருக்கா மொதலாளி?" என்று கேட்பார். "இல்லையே தங்கச்சி, இப்ப வாறது எல்லாம் பெரிசுதான்" என்பது நமது வழமையான பதில். அவர் மனமில்லாமல் பெரியதை வாங்கிச் செல்வார், அல்லது பொத்தான் வைத்த பழைய மாதிரி போனோடு திருப்திப்பட்டுக் கொள்வார். அதுவும் இல்லையேல் அடுத்த கடைக்குப் போவார்.

இந்தக் கேள்வியில் வியாபாரம் இருக்கிறதா, இல்லையா? இதில் இரண்டு விதமாகத் தவறு செய்ய இடமுண்டு. கேள்வியைக் காதில் போட்டுக் கொள்ளாமல் விடுவது ஒரு தவறு. "எல்லோரும் கேட்கிறார்களே" என்று நம்பிக் கைமுதலை எல்லாம் சின்ன செட்டில் போட்டுவிட்டுத் தலையில் கை வைப்பது மற்றைய தவறு. இரண்டாவது தவறை உலகத்தின் பெரிய கம்பனிகளே செய்து பார்த்துவிட்டன. அந்த அனுபவத்தை நாம் இலவசமாகப் படித்துக் கொள்ளலாம்.

ஏன் சின்னது கேட்கிறார்கள்?

கொழும்பில் சின்ன செட் கேட்பவர் பெரும்பாலும் சட்டைப் பைக்காகவும் அழகுக்காகவும் கேட்கிறார். தோட்டத்தில் கேட்பவரின் காரணம் வேறு. கொழுந்து பறிப்பது இரண்டு கையாலும் செய்யும் வேலை. சரிவான மலையில் நின்றுகொண்டு, முதுகில் கூடையோ சாக்கோ தொங்க, இடுப்பில் படங்கைச் சுற்றிக் கட்டி, நாளொன்றுக்குப் பதினெட்டு, இருபது கிலோ பறிக்க வேண்டும். அந்த உடுப்பில் போன் வைக்க ஏற்ற பை கிடையாது. இடுப்பு மடிப்பிலோ சட்டைக்குள்ளோ ஒரு சிறு துணிப் பையிலோதான் செருக வேண்டும். இருநூறு கிராம் நிறையுள்ள பெரிய செட் அங்கே நிற்காது. குனியும்போது விழும், கல்லில் பட்டால் திரை போய்விடும்.

இரண்டாவது காரணம் மழை. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்து மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஈரக் கையால் தொட்டால் திரை சரியாகக் கேட்காது. செட் கைக்கு அடங்கினால் ஒரு கையால் பிடித்து அதே கையின் கட்டை விரலால் பேச்சை எடுக்கலாம். பெரிய செட் என்றால் இரண்டாவது கையையும் துடைத்துக் கொண்டு வர வேண்டும்.

தோட்டத்தில் மட்டுமல்ல, கந்தப்பளை, ராகலைப் பக்கம் மரக்கறி பயிரிடுபவர்களும் இதையே சொல்வார்கள். தம்புள்ளையில் இன்றைக்குக் கரட் என்ன விலை, பேலியகொடையில் லீக்ஸ் என்ன விலை என்று மண் படிந்த கையோடுதான் கேட்க வேண்டியிருக்கிறது. ஓட்டோ ஓட்டுபவர், லொறியில் போகும் உதவியாளர், சந்தையில் மூட்டை தூக்குபவர் ஆகிய எல்லோருக்கும் ஒரு கை எப்போதும் வேலையில் இருக்கும்.

"அப்படியானால் பொத்தான் போன் போதாதா?" என்று கேட்கலாம். ஒரு காலத்தில் போதுமாக இருந்தது. 2003இல் வந்த நொக்கியா 1100 உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. தூசு போகாத பொத்தான், டோர்ச் விளக்கு, நாட்கணக்கில் நிற்கும் பெட்டரி. உழைப்பாளிக்கு வேறென்ன வேண்டும் என்று இருந்த காலம் அது. இன்று நிலைமை மாறிவிட்டது. மகள் கொழும்பில் கடையில் வேலை செய்கிறாள், மகன் கட்டாரில் இருக்கிறான், அவர்கள் முகம் பார்த்துப் பேச வட்ஸ்அப் வேண்டும். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாவுக்காகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடக் குறிப்பை எடுக்கப் பிள்ளைகள் சிக்னல் தேடி மலை ஏறியதை நாடே பார்த்தது. வீட்டில் ஒரேயொரு ஸ்மார்ட் போன்தான், அதுவும் இல்லாத வீடுகள் எத்தனையோ. அந்த அனுபவத்துக்குப் பிறகு ஸ்மார்ட் போன் ஆடம்பரப் பொருள் என்ற பேச்சு தோட்டத்தில் அடிபடுவதில்லை.

ஆகவே வாடிக்கையாளர் கேட்பது வெறும் 'சின்ன செட்' அல்ல. கையில் அடங்க வேண்டும், ஆனால் கெமரா தெளிவாக இருக்க வேண்டும், பெட்டரி இரவு வரை நிற்க வேண்டும், நாலு வருடம் உழைக்க வேண்டும். அளவில்தான் சிறியது கேட்கிறார், வேலையில் அல்ல. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்வதிலேயே வியாபாரம் தங்கியிருக்கிறது.

உலகம் முழுவதும் இதே கேள்வி

2007இல் வந்த முதலாவது ஐபோனின் திரை மூன்றரை அங்குலம். பெரிய போனை யாரும் வாங்க மாட்டார்கள் என்ற கருத்தை அப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜொப்ஸ் 2010இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே சம்சுங் 5.3 அங்குல கெலக்சி நோட்டை இறக்கியது. அது நன்றாக விற்பனையானது. 2014இல் அப்பிளும் 4.7, 5.5 அங்குலங்களில் ஐபோன் 6 வரிசையைக் கொண்டு வந்து தோல்வியை ஒப்புக் கொண்டது. அன்றிலிருந்து எல்லாக் கம்பனிகளும் பெரியதை நோக்கியே ஓடின.

சின்னது கேட்டவர்களுக்கு அவை கொடுத்தது என்ன? சம்சுங் 2012இல் கெலக்சி எஸ்-3 மினி என்று ஒன்றை விற்றது. பெயரும் தோற்றமும் பெரிய எஸ்-3 போலத்தான். உள்ளே இருந்ததோ வேகம் குறைந்த புரொசசரும், எட்டு மெகாபிக்சலுக்குப் பதிலாக ஐந்து மெகாபிக்சல் கெமராவும்தான். சின்னது என்றால் மட்டம் என்ற எண்ணம் வாங்குவோர் மனதில் பதிந்தது இப்படிப்பட்ட 'மினி'களால்தான்.

இதற்கு மாறாகச் செய்தது சொனி. 2014இல் அது வெளியிட்ட எக்ஸ்பீரியா இசட்-1 கொம்பெக்ட் 4.3 அங்குலம் மட்டுமே. ஆனால் பெரிய செட்டில் இருந்த அதே புரொசசரும் அதே 20.7 மெகாபிக்சல் கெமராவும் அதில் இருந்தன. பாராட்டாத விமர்சகர் குறைவு. ஆயினும் 2018இன் எக்ஸ்.இசட்-2 கொம்பெக்ட்டோடு அந்த வரிசை நின்றுவிட்டது.

அப்பிளின் கதை இன்னும் பெரிய பாடம். 2015ஆம் ஆண்டில் மட்டும் நாலு அங்குல ஐபோன்களை மூன்று கோடி விற்றதாக அந்நிறுவனமே அறிவித்தது. அந்தக் கணக்கைக் காட்டித்தான் 2016இல் ஐபோன் எஸ்.ஈ. என்ற சிறிய செட்டை வெளியிட்டது. பிறகு 2020இல் 5.4 அங்குல ஐபோன் 12 மினி வந்தது. பெரிய சகோதரனில் இருந்த புரொசசர், கெமரா, நீர் புகாப் பாதுகாப்பு எல்லாம் அதில் குறையாமல் இருந்தன. 'சின்ன செட் இல்லையே' என்று வருடக்கணக்காக முறையிட்டவர்கள் எல்லோரும் வாங்குவார்கள் என்று எதிர்பார்க்கப்பட்டது. நடந்தது வேறு. 2021 ஜனவரி முதற்பாதியில் அமெரிக்காவில் விற்பனையான ஐபோன்களில் 12 மினியின் பங்கு வெறும் 5 வீதம் என்று கவுண்டர்பொயின்ட் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. 2021இல் 13 மினியோடு ஒரு தடவை முயன்று பார்த்த அப்பிள், 2022இல் மினியை விட்டுவிட்டு 'பிளஸ்' என்ற பெரிய செட்டைக் கொண்டு வந்தது. 13 மினி விற்பனையும் 2023 செப்டெம்பரில் நிறுத்தப்பட்டது. 2025இல் எஸ்.ஈ.யின் இடத்துக்கு வந்த 16-ஈயும் 6.1 அங்குலம்தான்.

அன்ட்ரொயிட் பக்கமும் இதே நிலைதான். பெபிள் கைக்கடிகாரத்தை உருவாக்கிய எரிக் மிகிகொவ்ஸ்கி, ஆறு அங்குலத்துக்குக் குறைந்த நல்ல அன்ட்ரொயிட் போன் வேண்டும் என்று 2022 மே மாதம் கையெழுத்துச் சேகரிப்பையே தொடங்கினார். 5.9 அங்குலத்தில் சென்போன் 8, 9, 10 என்று மூன்று தரமான செட்டுகளை இறக்கிய அசூஸ் நிறுவனம், 2024இல் 6.78 அங்குலத்துக்குத் தாவிவிட்டது.

கேட்பவர் பலர், வாங்குபவர் சிலர். சின்ன செட் விஷயத்தில் உலகம் கண்ட உண்மை இது.

ஏன் முடியாமல் போயிற்று?

காரணம் பெட்டரி. செட் சிறிதாகும்போது திரை சிறிதாகும், அது எடுக்கும் மின்சாரமும் கொஞ்சம் குறையும். ஆனால் புரொசசர், கெமரா, சிக்னல் பிடிக்கும் பாகம் என்பவை எடுக்கும் இடமும் மின்சாரமும் சிறிதும் குறைவதில்லை. வெட்டப்படுவது பெட்டரியின் இடம்தான். ஐபோன் 12இல் 2,815 எம்.ஏ.எச். பெட்டரி இருக்க, 12 மினியில் இருந்தது 2,227 மட்டுமே. மாலையாகும் முன்பே சார்ஜரைத் தேட வேண்டி வந்ததால் ஆசையோடு வாங்கியவர்களே அலுத்துக் கொண்டனர்.

மலையகத்தில் இந்தக் குறை இரட்டிப்பாகும். சிக்னல் மெலிந்த இடத்தில் போன் கோபுரத்தை எட்டுவதற்காகக் கூடுதல் சக்தியைச் செலவிடும். பள்ளத்தாக்கில் உள்ள லயத்தில் சும்மா கிடக்கும் போனுக்கும் சார்ஜ் இறங்குவது இதனால்தான். குளிரிலும் பெட்டரி வழமை போல் உழைக்காது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தை உலுக்கியபோது மண்சரிவுகளோடு மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல இடங்களில் துண்டிக்கப்பட்டன. அந்த நாட்களில் போனில் எஞ்சியிருந்த சார்ஜ் ஒவ்வொன்றும் உறவினரின் உயிர்ச் செய்தியாக இருந்தது. அதை நேரில் கண்ட வாடிக்கையாளரிடம் அரை நாளில் அணைந்துவிடும் செட்டை 'அழகாக அடக்கமாக இருக்கிறது' என்று விற்க முடியாது.

நல்ல செய்தியும் இருக்கிறது. சிலிக்கன் கார்பன் என்று சொல்லப்படும் புதுவகைப் பெட்டரிகள் அதே இடத்தில் கூடுதல் மின்சாரத்தைச் சேமிக்கின்றன. 2023இல் ஹோனர் கம்பனி சீனாவில் விற்ற செட்டொன்றில் இதைப் பயன்படுத்தத் தொடங்கியது. 2024 ஒக்டோபரில் விவோ எக்ஸ்-200 ப்ரோ மினி 6.31 அங்குலத்தில் 5,700 எம்.ஏ.எச். பெட்டரியோடு வந்தது. 2025இல் வன்பிளஸ் 13-டீ 6.32 அங்குலத்தில் 6,260 எம்.ஏ.எச். கொடுத்தது. அளவுக்காகப் பெட்டரியைப் பலி கொடுக்கத் தேவையில்லை என்பது இதனால் நிரூபணமாகிவிட்டது. ஆனால் இவை உயர் விலைச் செட்டுகள். இந்தப் பெட்டரி மலிவு விலைச் சிறிய செட்டுகளுக்கும் வந்தால்தான் நமது ஞாயிற்றுக்கிழமை வாடிக்கையாளருக்குப் பயன்படும்.

அங்குலத்தை விடுங்கள், அகலத்தைப் பாருங்கள்

கடையில் நிற்கும் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய முதல் பாடம் இது. அங்குலக் கணக்கு திரையின் மூலைக்கு மூலை அளவு. கைப்பிடியைத் தீர்மானிப்பது செட்டின் அகலமும் நிறையும். 5.5 அங்குல ஐபோன் 8 பிளஸ்ஸின் அகலம் 78.1 மில்லிமீற்றர். 6.1 அங்குல ஐபோன் 13இன் அகலமோ 71.5 தான். திரை பெரியது, செட் ஒடுங்கியது. விளிம்பு குறைந்து உயரம் கூடியதே காரணம்.

இப்போது மலிவு விலையில் வரும் 6.7 அங்குலச் செட்டுகள் பெரும்பாலும் 76 முதல் 78 மில்லிமீற்றர் அகலமும் 190, 200 கிராம் நிறையும் கொண்டவை. சம்சுங் எஸ்-25 போன்றவை 70.5 மில்லிமீற்றரும் 162 கிராமும்தான். 13 மினி 64.2 மில்லிமீற்றர். சிறிய கை உள்ள ஒருவருக்கு ஏழெட்டு மில்லிமீற்றர் பெரிய வித்தியாசம். சுவரில் ஒரு சிறு பட்டியல் ஒட்டி, கடையில் உள்ள ஒவ்வொரு செட்டின் அகலம், நிறை, பெட்டரி மூன்றையும் எழுதி வைத்தால், "இருக்கிறதிலேயே ஒடுங்கினது இது, நிறை குறைஞ்சது இது" என்று காட்டலாம். இல்லை என்று கைவிரிப்பதைவிட இது எவ்வளவோ மேல். இதற்கு ஒரு சதமும் முதல் தேவையில்லை.

அதோடு கூடவே சேரும் சிறு வியாபாரமும் உண்டு. கழுத்தில் மாட்டும் வார், நீர் புகாத உறை, பிடி வழுக்காத கவர், இடுப்பில் கட்டும் சிறு பை, விழுந்தாலும் தாங்கும் கண்ணாடி முதலியன. பெரிய செட்டைத்தான் வாங்கியாக வேண்டியவருக்கு அதை மலையில் கொண்டு போகும் வழியை விற்பதும் ஒரு சேவையே. மழைக்காலத்துக்கு முன்பே இவற்றை எடுத்து வைப்பவருக்கு இலாபம் செட்டில் கிடைப்பதைவிடக் கூடுதலாகவும் அமையலாம்.

பழைய சரக்கில் உள்ள பொறி

புதிய சின்ன செட் கிடைக்காத இடத்தில் பாவித்த செட் வரும். எஸ்.ஈ., மினி வகைகள் இரண்டாம் கையாகக் கொழும்புச் சந்தையில் கைமாறுகின்றன. இதில் இலாபமும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. மூன்று விஷயங்களைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

முதலாவது, மென்பொருள். 2025 மே மாதம் முதல் வட்ஸ்அப் இயங்குவதற்கு ஐபோனில் ஐ.ஓ.எஸ். 15.1 வேண்டும் என்றாயிற்று. ஐபோன் 5-எஸ், 6 ஆகியவை 12ஆம் பதிப்போடு நின்றுவிட்டவை. அவை எவ்வளவு புதிதுபோல் பளபளத்தாலும் வட்ஸ்அப்புக்காக வாங்குபவருக்கு வெறும் கண்ணாடித் துண்டுதான். அன்ட்ரொயிட்டிலும் பழைய பதிப்புகளுக்கு இதே கதி. விற்பதற்கு முன் வாடிக்கையாளரின் முன்னிலையிலேயே வட்ஸ்அப்பைப் பதிந்து ஓட்டிக் காட்டுங்கள்.

இரண்டாவது, பெட்டரி. ஐபோனில் பெட்டரி ஆரோக்கிய வீதத்தைத் திறந்து பார்க்கலாம். எண்பது வீதத்துக்குக் கீழ் என்றால் மாற்ற வேண்டியது என்று பொருள். ஏற்கனவே சிறிய பெட்டரி, அதிலும் கால்வாசி போய்விட்டது என்றால் மலைநாட்டில் அது பகல் உணவு வரைகூட நிற்காது. மாற்றியே விற்பதானால், மாற்றியது எந்த வகை என்பதையும் பில்லில் எழுதுங்கள்.

மூன்றாவது, ஐ.எம்.ஈ.ஐ. இலக்கம். *#06# அழுத்தினால் பதினைந்து இலக்கங்கள் தெரியும். ஐ.எம்.ஈ.ஐ. என்ற ஆங்கில எழுத்துகளை அடித்து, இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தை 1909க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். ஒழுங்காகப் பதிவாகாத செட்டை விற்று, பின்னால் அது வாடிக்கையாளரின் கையில் பிரச்சினையானால், அவர் தேடி வருவது ஆணைக்குழுவை அல்ல, உங்கள் கடையைத்தான்.

முதலை எங்கே போடுவது?

சிறு வியாபாரிக்குக் கைமுதலே உயிர். கடந்த சில ஆண்டுகள் அதை நன்றாக உணர்த்திவிட்டன. 2022இல் டொலரின் விலை சில வாரங்களுக்குள் 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியது. அவ்வாண்டு ஓகஸ்ட்டில் இறக்குமதி இடைநிறுத்தப்பட்ட பொருட்களின் பட்டியலில் கைத்தொலைபேசியும் சேர்ந்தது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானபோது, அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த கைத்தொலைபேசிக்கும் அது விதிக்கப்பட்டது. இவ்வளவுக்கும் தாக்குப்பிடித்து நிற்கும் கடைக்காரர், அசையாத சரக்கில் பணத்தை முடக்கக் கூடாது.

வாங்குபவரின் கணக்கையும் பார்க்க வேண்டும். தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 2024 செப்டெம்பரில் 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. 2026க்கான வரவு செலவுத் திட்டத்தில் அது 1,550 ஆகவும், அதற்கு மேல் அரசின் வருகைக் கொடுப்பனவு 200 ஆகவும் மொத்தம் 1,750 ரூபா என அறிவிக்கப்பட்டது. இருபத்தைந்து நாள் வேலை முழுதாகக் கிடைத்தாலும் 43,750 ரூபாதான். அதில் சேமலாப நிதி முதலான கழிவுகள் போக, அரிசி, மா, பிள்ளைகளின் செலவு என்று கழித்தால் மிச்சம் என்ன இருக்கும்? மலிவான ஸ்மார்ட் போன்கூட அந்தக் குடும்பத்துக்குப் பல மாதச் சேமிப்பு. ஒன்றரை, இரண்டு இலட்சம் ரூபா பெறுமதியான 'கொம்பெக்ட்' செட் அங்கே கண்காட்சிப் பொருளாகத்தான் இருக்கும்.

ஆகவே சின்ன செட்டை அடுக்கி வைக்கும் சரக்காகக் கொள்ளாமல் கேட்டபின் எடுத்துக் கொடுக்கும் சரக்காகக் கொள்வதே புத்தி. ஒரு கொப்பி போடுங்கள். சின்ன செட் கேட்டு வருபவர் யார், என்ன வேலைக்கு, எவ்வளவு பணம் வைத்திருக்கிறார் என்று மூன்று மாதம் எழுதி வாருங்கள். தோட்டத்துப் பெண்கள் எத்தனை பேர், ஓட்டோக்காரர் எத்தனை பேர், கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வரும் இளைஞர் எத்தனை பேர் என்று தெரியவரும். அப்பிளின் தவறு, கேட்டவர்களை எண்ணியது, பணத்தோடு வந்தவர்களை எண்ணாதது. அந்தத் தவறை அப்பிள் தாங்கிக் கொள்ளும். பிரதான வீதியில் பத்தடிக் கடை வைத்திருப்பவர் தாங்க மாட்டார்.

கேட்டபின் எடுத்துக் கொடுப்பதில் மார்க்கச் சட்டமொன்றும் சம்பந்தப்படுகிறது. கையில் இல்லாத பொருளை விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். எனவே முற்பணம் வாங்கியவுடனேயே விற்றாயிற்று என்று எண்ணாமல், அதை அமானிதமாக வைத்துக் கொண்டு, பொருள் உங்கள் கைக்கு வந்தபின் அவருக்குக் காட்டி, விலை பேசி, விற்பனையை முடிப்பதே பேணுதலான வழி. பொருள் பிடிக்காவிட்டால் முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் மனமும் வேண்டும்.

தவணைக்குக் கொடுப்பதிலும் கவனம் தேவை. கைக்காசுக்கு ஒரு விலை, தவணைக்கு வேறு விலை என்று சொல்லி, பிரியும் முன் ஒரே விலையை உறுதி செய்துகொண்டால் அது கூடும் என்பதே பெரும்பான்மை உலமாக்களின் கருத்து. ஆனால் தவணை பிந்தினால் மேலதிகமாக அறவிடுவது வட்டியின் வாசல். இந்த நுணுக்கங்களை உங்கள் ஊர்ப் பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது.

குவியலின் அடியில் கையை விட்டுப் பாருங்கள்

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்டபோது அடியில் ஈரம் தட்டுப்பட்ட சம்பவம் நாம் எல்லோரும் சிறு வயதில் மத்ரஸாவில் கேட்டதுதான். மழையில் நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவருக்கு நம்மில் இடமில்லை என்று எச்சரித்தார்கள். தொலைபேசி வியாபாரத்தில் அந்த ஈரம் பெட்டிக்குள் இருக்கிறது. மீளச் செப்பனிட்ட செட்டைப் புதிதென்று சொல்வது, மாற்றிய திரையை மறைப்பது, மென்பொருள் ஆதரவு முடிந்துபோன மினியை 'சின்னது கேட்டீங்களே' என்று கொடுத்துவிடுவது, இவை யாவும் ஈரத்தை அடியில் வைத்த குவியல்களே. மறைத்த குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பதும் நமது பிக்ஹ் சட்டத்தில் உள்ளது.

தோட்டத்து வாடிக்கையாளர் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் ஆங்கிலத்தைப் படித்து வாங்குவதில்லை. "மொதலாளி சொன்னா சரி" என்று வாங்குகிறார். மலையகத்தில் தலைமுறை தலைமுறையாக நமது கடைகள் நின்றது அந்த ஒரு வார்த்தையில்தான். புடவைக்கும் பலசரக்குக்கும் தோட்டத்து மக்கள் நம் படியேறியதும், கஷ்ட காலத்தில் நாம் கடன் கொப்பியில் எழுதிக் கொடுத்ததும் அந்த நம்பிக்கையில்தான். ஒரு மட்டமான மினியில் கிடைக்கும் சில ஆயிரம் ரூபாவுக்காக அதை விற்றுவிடக் கூடாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தங்கச்சி வந்து "சின்ன செட் ஒண்ணு இருக்கா மொதலாளி?" என்று கேட்டால், இல்லை என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். கையைக் காட்டச் சொல்லுங்கள். என்ன வேலை, எங்கே சிக்னல், இரவில் யாரோடு பேசுவார் என்று கேளுங்கள். உள்ளதில் ஒடுங்கியதை, பெட்டரி நிற்பதை, நாலு வருடம் ஓடக் கூடியதை எடுத்துக் காட்டுங்கள். பொருத்தமானது இல்லையென்றால் இல்லை என்று உண்மையைச் சொல்லி, பெயரைக் கொப்பியில் எழுதிக் கொள்ளுங்கள். அன்றைக்கு விற்பனை ஒன்று குறையலாம். ஆனால் அவர் அடுத்த மாதம் தன் லயத்து ஆட்களையும் கூட்டிக் கொண்டு உங்கள் படிதான் ஏறுவார். அந்த வியாபாரத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.